வெள்ளைத் துணி கட்டாத வீடு

மேல் டிவிசன் லயம்,
பதுளை.

அன்புத் தங்கை துஷாந்தினிக்கு,

நாங்கள் நலம் என்று எழுதுவது வழக்கம். வழக்கத்தை விடவில்லை. நீயும் நலமாயிரு.

புயலில் அத்தனை பேரைத் தூக்கிய ஹெலிகொப்டர் அப்பாவை ஏன் தூக்கவில்லை என்று நேற்று போனில் கேட்டாய். ஸ்பீக்கர் போட்டிருந்தது. அம்மா எழுந்து மழையில் வெளியே போய்விட்டார். அதனால் எழுதுகிறேன்.

மலைக்கு அப்பால் உள்ள விமானப்படைத் தளம், ஜப்பான்காரன் வருவானென்று வெள்ளைக்காரன் அமைத்தது. ஜப்பான்காரன் இந்தப் பக்கம் வரவேயில்லை. பிறகு நம் நாட்டு யுத்தம், படைக்காரர்கள் அங்கிருந்து வடக்கே பறந்தார்கள். ஓடுபாதையை நீட்டியபோது அப்பா அங்கே கல் சுமந்தார். வேலை முடிந்த மறுவாரம் அந்த வழியே வந்தவரை, தளத்தை ஏன் பார்க்கிறாய் என்று பிடித்து வைத்துக்கொண்டார்கள். அப்பாவுக்குக் கோபமில்லை. நான் போட்ட ரோட்டுலதான் பிளேன் ஓடுது என்று சாகும்வரை சொன்னார். இந்தப் புயலில்தான் தளம் முதல்முறையாக நமக்காகப் பறந்தது.

மண்சரிவு ரோட்டை மூடிய அன்று அப்பாவுக்கு மூச்சு முட்டியது. உதவி வேண்டியவர்கள் வெள்ளைத் துணி கட்டச் சொல்லி ரேடியோவில் அறிவித்தார்கள். நான் வேட்டியை எடுத்தேன். அம்மா பிடுங்கிக்கொண்டார். உசுரோட இருக்க மனுசனுக்கு எழவுக் கொடி கட்டுறியா, ஒங்கப்பன்டா என்றார். நான் வாத்தியார், விளக்கினேன். வாத்தியார் பேச்சு வீட்டில் எடுபட்டதாகச் சரித்திரமில்லை. அம்மா தன் கூறைச்சேலையைக் கூரைத் தகரத்தின்மேல் விரித்தார். சிவப்பு. சுற்றிலும் சரிந்து கிடந்ததும் செம்மண். ஹெலிகொப்டர் தலைக்கு மேலே வந்து, எல்ல ஊர்ப் பக்கம் போனது. அங்கே சுற்றுலாக்காரர்கள் ஹோட்டல் துவாய்களை விரித்திருந்தார்களாம். நல்ல வெள்ளை.

மறுநாள் காலை அப்பா போய்விட்டார். லயத்து வரிசை வீட்டு ஆட்கள் சாவு வீட்டு முறைப்படி வாசலிலிருந்து ரோடு வரை வெள்ளைக் கொடி கட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் ஹெலிகொப்டர் இறங்கியது. யாருக்குச் சுகமில்லை என்று படைப் பொடியன் சிங்களத்தில் கேட்டான். அம்மாதான் உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். அவன் தொப்பியைக் கழற்றினான்.

அன்றிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்து வழக்கம்போலச் சண்டை போடு. இடையில், அந்த மழையில் மேலிருந்து பார்த்தால் எந்தக் கலரும் தெரியாது, வெள்ளையும் தெரியாது என்று நீயாகவே சொல்லு. பொய்தான். ஆனால் நீ வெளிநாட்டுக்குப் பிளேனில் போனவள். நீ சொன்னால் நம்புவார்.

கடவுள் உன்னைக் காக்கட்டும்.

உன் அண்ணன்,
விஜேந்திரன்