மிக்சி மேல் விழுந்த பழி

இரண்டு நாளாகப் பேச்சு இல்லை. அதனால் பிலோமினா சீட்டெழுதி, நைட் ஷிப்ட் முடிந்து வரும் கணவன் ராயப்பன் கண்ணில் படும்படி ஹாட் பாக்ஸுக்கு அடியில் செருகினாள்.

"என்னாங்க, இட்லி உள்ள இருக்கு. நான் வடலூர் கடைத்தெருவுக்குப் போறேன். வாசல்ல நிக்கிற, சமையல்கட்டு வச்ச நம்ம கேரவன் வண்டி சாவி ஆணியில மாட்டியிருக்கு.

அந்த வண்டி ஜெனரேட்டர்ல வோல்டேஜ் கம்மியானதுக்கு என் மிக்சிதான் காரணம்னு கத்தினீங்க. ஊருக்கே கரண்ட் எடுக்கிற பிளாண்ட்டுல வேலை பாக்குறவரு சொல்றாரேன்னு நானும் வாயை மூடிக்கினு இருந்தேன். இன்னிக்குத்தான் ஞாபகம் வந்துது. ஞாயித்துக்கிழமை பகல்ல, சத்தத்துல தூங்க முடியலன்னு எழுந்துபோயி, இஞ்சின் ஸ்பீடு ஸ்க்ரூவைக் குறைச்சு வச்சிட்டு வந்து படுத்தது யாரு? இஞ்சின் மெதுவா ஓடினா வோல்டேஜ் எங்கிருந்து வரும்? பழையபடி திருகி வச்சிட்டேன். மீட்டர் இருநூத்தி முப்பது காட்டுது. தூக்கம் வந்தா ஜெனரேட்டரை நிறுத்துங்க, ஸ்க்ரூவைத் தொடாதீங்க."

சீட்டில் இடம் தீர்ந்துவிட்டது. ஆனால் கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. ஓரத்தில் நெருக்கி எழுதினாள்:

"சட்னி கேரவன்லயே அரைச்சதுதான். மிக்சிகிட்ட மன்னிப்பு கேட்டுட்டுச் சாப்பிடுங்க. என்கிட்ட நான் வந்தப்புறம் கேட்டா போதும்."