கடைசி பெஞ்சில் நீ

பெட்டியில் துணிகளுக்கு நடுவே ஒரு சாக்பீஸ் டப்பாவை வைத்தேன். வைத்தது சரிதானா என்ற சந்தேகத்தில் மறுபடி எடுத்தேன். போகிற இடத்தில் வெள்ளைப் பலகையும் மார்க்கர் பேனாவும்தான் என்று உன் மகள் முன்பே சொல்லியிருந்தாள். மூடியைத் திறந்ததும் அந்த உலர்ந்த வாசனை வந்தது. உன் சட்டைப் பையின் வாசனை. பெட்டி அடுக்குவது அதோடு நின்றுபோனது.

நான் ஜப்பானுக்குப் போவதாக ஏற்பாடு. அங்குள்ள ஒரு துறைமுகத்திலிருந்து பகல் முழுக்கக் கப்பலில் போகவேண்டிய சின்னத் தீவு. அங்கே முதியோர் இல்லத்தில் செவிலியாக இருக்கும் உன் மகள்தான் இதற்குக் காரணம். ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் மாலை வகுப்பில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தர ஆள் தேடினார்களாம்.

"சின்ன வயசுக்காரங்க வந்தா தனிமை தாங்காம பாதியில போயிருதாங்க மாமா. நிதானமான பெரியவரா ஒருத்தர் இருந்தாப் போதும்ங்காங்க. எனக்கு ஒங்க ஞாபகந்தான் வந்துச்சு" என்றாள்.

என் நிதானத்தில் பாதி பயம் என்பது அவளுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.

விசா வந்துவிட்டது. ஆடிப்பூரத் தேர் பார்த்துவிட்டுப் பின்னால் வருவதாக என் மனைவியின் திட்டம். நான் தயங்குவதைப் பார்த்து, "ராஜபாளையம் பூராம் சொல்லியாச்சு. இனி நீங்க போகலேன்னா நாந்தான் போகணும். எனக்கு இங்கிலீசு வேற தெரியாது" என்கிறாள். அப்படியும் இன்று மதியம் உன் மகளைக் கூப்பிட்டு, வரவில்லை என்று சொல்லிவிடத் தீர்மானித்தேன். சொல்லவேண்டியதை ஒரு தாளில் எழுதியும் வைத்துக்கொண்டேன்.

கப்பலும் குளிரும் அல்ல காரணம். அங்கே தமிழ் கிடையாது. நம் பக்கத்தில் ஆங்கிலப் பாடத்தைத் தமிழில்தானே நடத்தினோம்? பலகையில் ஆங்கிலம், வாயில் தமிழ். நான் பட்டம் வாங்கியதும் அப்படித்தான், பணி ஓய்வு பெற்றதும் அப்படித்தான். இடையில் நீ வந்து உட்கார்ந்த சில வகுப்புகள் மட்டும் விலக்கு.

ஸ்ரீவில்லிபுத்தூர் பள்ளியில், எட்டாம் வகுப்பு. உனக்கு அந்த நேரம் வகுப்பில்லை. நேராக வந்து கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு நெருக்கி உட்கார்ந்தாய்.

"ஏலே பிள்ளைகளா, இந்தப் பீரியடு முடியுற வரைக்கும் எனக்குத் தமிழ் தெரியாது. சார் என்ன நடத்துதாருன்னு பாப்போம்."

"சார், இப்பப் பேசுனது தமிழ்தான சார்?" என்று ஒருவன் கேட்டான்.

"இனிமேத்தாம்லே தெரியாது!"

மழையில் ஆற்றைக் கடக்க முடியாமல் நிற்கும் ஒரு கிழவரின் கதை அன்றைய பாடம். ஒரு வரியைப் படித்துவிட்டு, வழக்கம்போல் தமிழுக்கு வாயைத் திறந்தேன். நீ காதோரம் கையைக் குவித்து, ஒன்றும் விளங்காதவனைப்போல் தலையாட்டினாய். இன்னொரு முறை திறந்தேன். அதே கை, அதே தலையாட்டல். வேறு வழி தெரியவில்லை. வருகைப் பதிவேட்டைத் தலைக்குமேல் பிடித்தேன். கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, தெரிந்த ஆங்கிலத்தைச் சொல்லிச் சொல்லி, மேடைக்கும் கதவுக்கும் இடையே இல்லாத ஆற்றில் தடுமாறினேன். வகுப்பே சிரித்தது. எனக்குக் காது சுட்டது.

ஊர் திரும்பும் பஸ்ஸில் உன் பக்கம் திரும்பவே இல்லை.

"ஏலே, கோவமா?"

"எல்லாப் பயலும் என்னயப் பாத்துச் சிரிச்சான்."

"ஒன்னயப் பாத்து இல்லலே. புரிஞ்சு சிரிச்சான். ஒரு வார்த்த தமிழ் இல்லாமப் புரிஞ்சிருச்சேன்னு சிரிச்சான்."

நான் நம்பவில்லை. இன்றும் முழுதாக நம்பிவிட்டேன் என்று சொல்லமாட்டேன்.

மதுரை ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்த்தபோது தொண்டையில் குழாய் இருந்தது. உனக்குக் குரல் இல்லை. கட்டிலின் கால்மாட்டில் நான் நெடுநேரம் சும்மா நின்றேன். நீ மெல்லக் கையைத் தூக்கிக் காதோரம் குவித்தாய். பேசு என்றாய். அன்று எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை. தமிழிலும் வரவில்லை.

மதியம் தாளைக் கையில் வைத்துக்கொண்டுதான் உன் மகளைக் கூப்பிட்டேன்.

"சொல்லுங்க மாமா. ஒங்க வகுப்புலதான் நிக்கேன். பிள்ளைகளுக்கு நாற்காலி போட்டுக்கிட்டு இருக்கோம். வேற எதுவும் வேணுமா?"

பின்னால் பிள்ளைகளின் குரல்கள். என்ன பேசுகிறார்கள் என்று ஒன்றும் விளங்கவில்லை. நான் கைப்பேசியைக் காதோடு சேர்த்து, அதைச் சுற்றிக் கையைக் குவித்துக்கொண்டு நிற்பதைச் சற்றுக் கழித்துத்தான் கவனித்தேன். எழுதிவைத்ததைப் படிக்கவில்லை.

"கடைசியில ஒண்ணு கூடுதலாப் போடும்மா."

"யாருக்கு மாமா?"

"தமிழ் தெரியாத ஒருத்தருக்கு."

நீ இந்தக் கதையை வீட்டில் சொல்லியிருப்பாய் போலிருக்கிறது. அந்தப் பக்கம், தரையில் ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

சாக்பீஸ் டப்பாவைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டேன்.