அணைக்கக் கூடாத விளக்கும் விற்க முடியாத காரும்

அன்பு மகன் ரிஷிக்கு அம்மா எழுதுவது. இங்கே கிள்ளானில் நானும் நலம், நீ விற்கச் சொன்ன மின்சாரக் காரும் நலம். பெர்த்தில் நீயும் மருமகள் விஷ்ணுப்ரியாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன். போனில் நான் பாதி சொல்வதற்குள் நீ முடிவு சொல்லிவிடுகிறாய், அதனால் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன், கடைசி வரை படி.

சார்ஜரைச் சொருகினால் வீட்டு மெயின் சுவிட்ச் விழுந்து கரண்ட் போகிறது என்று சொன்னதும், இந்த வயசுல எதுக்கும்மா தொல்லை, வித்துட்டு கிராப் டாக்சில போங்க என்றாய். அதோடு நின்றாயா, விளம்பரமும் போட்டு, சனிக்கிழமை வந்து காரை எடுத்துப் போகும்படி உன் சித்தப்பா மகன் குருவிடமும் சொல்லிவிட்டாய். கார் யாருடையது ரிஷி? சாலாக் செலாத்தானில் இருக்கும் தாமரை பெரியம்மாவைக் கைப்பயிற்சிக்கு அழைத்துப் போவது நான்தான். பக்கவாதம் வந்த கையாலேயே ரவிக்கைக்கு ஊக்கு மாட்டுவேன் என்று அவள் பிடிவாதம் பிடிப்பாள், நான் தொட்டால் கோபம் வரும். அவள் மாட்டி முடிக்கும் வரை எந்த கிராப்காரர் வாசலில் நிற்பார்?

பக்கத்து வீட்டு வீரம்மா வேறு. சுவிட்ச் விழும்போது போர்ச்சில் இருக்கும் சாமி மேடை விளக்கும் அணையுமல்லவா, அதைப் பார்த்துவிட்டு, காரைச் சொருகுனா விளக்கு அணையுது டீச்சர், சாமிக்கே புடிக்கல லா, ரிஷி சொல்றதக் கேளுங்க என்றாள். எனக்கு வந்ததே கோபம். வயர்மேன் திருச்செல்வம் அதற்கு முன் இரண்டு தடவை வந்தார், இரண்டு தடவையும் சார்ஜ் ஒழுங்காக ஏறியது. கணக்குச் சோதனை அன்று மட்டும் வயிறு வலிக்கும் பிள்ளைகள் எத்தனை பேரைப் பார்த்திருப்பேன், வலி எங்கே என்று கேட்பதைவிட எந்த நாளில் என்று கேட்க வேண்டும். யோசித்தால், செவ்வாயும் வெள்ளியும் நான் மேடையைக் கழுவிவிட்ட பிறகுதான் சுவிட்ச் விழுந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை கழுவிய கையோடு அவரை வரச் சொன்னேன். ஏர்கோன், ஐஸ்பெட்டி, சுடுதண்ணீர் என்று ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தோம், அப்போதும் விழுந்தது. மிச்சம் இருந்தது விளக்கு மட்டும். குடிவந்த நாளிலிருந்து நாமாக அணைக்காத விளக்கு. திருச்செல்வம் கையை எடுத்துவிட்டார், சாமி லைட்டு டீச்சர், நான் தொட மாட்டேன் என்று. வீரம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நானே அணைத்தேன், சார்ஜ் ஏறியது.

வகுப்பில் ஒருவன் முணுமுணுத்தால் விட்டுவிடுவேன், இரண்டு பேர் சேர்ந்தால் டஸ்டர் பறக்கும், உனக்குத் தெரியாதா? சுவிட்சும் அப்படித்தான். சார்ஜர் கொஞ்சம் மின்சாரத்தைக் கசியவிடுமாம், அது இயல்பு. மேடைக்குப் பின்னால் தோல் வெடித்த ஒயரும் நனைந்தால் கொஞ்சம் கசிந்திருக்கிறது, இரண்டும் சேர்ந்ததும் சுவிட்ச் விழுந்திருக்கிறது. ஈரக் கையோடு அந்த ஒயரைத் தொட்டுத் தொட்டுத்தான் நான் பூ வைத்துக்கொண்டிருந்தேன். கார் காட்டிக்கொடுக்காவிட்டால் என்றைக்கோ எனக்கு ஷாக் அடித்திருக்கும். அப்படிப்பட்ட காரையா விற்கச் சொல்கிறாய்? திருச்செல்வம் புது ஒயரைத் தண்ணீர் படாத உயரத்தில் இழுத்துவிட்டார், விளக்கு எரிகிறது, வீரம்மாவும் நேற்று காய்கறி வாங்கப் பாசாருக்கு என் காரில்தான் வந்தாள்.

சனிக்கிழமை குரு வந்தான். பெரியம்மா, அண்ணன் சாவிய வாங்கிட்டு வரச் சொன்னாரு என்று தலையைச் சொறிந்தான். சாவி என் கைக்குத்தான் பழக்கம், நீ பக்கத்துல உட்காரு என்று சாலாக் செலாத்தானுக்கு அழைத்துப் போனேன். பெட்டாலிங் ஜெயா நெரிசலில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டான். நான் ஓட்டுவதில் பயம் இருந்தால் ஒருவன் தூங்குவானா?

நேரத்துக்குச் சாப்பிடு, விஷ்ணுப்ரியாவின் முதுகு வலியைக் கவனி. இருவரும் குறையில்லாமல் வாழ என் ஆசீர்வாதம். விளம்பரத்தை இன்றைக்கே எடுத்துவிடு, மறக்காதே. மறந்தால், வாங்க வருகிற ஒவ்வொருவரையும் காரில் ஏற்றி ஒரு சுற்று சுற்றிக் காட்டி, விற்பதற்கில்லை என்று சொல்லி அவரவர் வீட்டிலேயே இறக்கிவிட்டு வருவேன்.

அன்புள்ள அம்மா,
உஷாராணி
(காரின் சொந்தக்காரி)