சரசக்காவுக்கு நான் நிரப்பின பாரம்

14 மார்ச், வியாழன்

சரசக்கா இன்னைக்கு என்கூட உட்கார்ந்து சாப்பிடல.

எங்க செண்டாயான் பேக்டரியில இந்த வருஷம் புது முறை. எதைக் கத்துக்கணும்னு வேலை செய்யறவங்களே முடிவு பண்ணணும், கம்பெனி அந்தப் பயிற்சியைக் கொடுக்கும். அதுக்கான விண்ணப்பப் பாரங்களை வாங்கி அனுப்பறது என் பொறுப்பு. அக்காவுக்கு மலாய் எழுத வராது. "நான் பார்த்துக்கறேன்க்கா"ன்னு சொல்லிட்டு நானே நிரப்பினேன். எஸ்டேட்ல எங்கம்மாவோட பாரங்களை ஆபீஸ் கிராணி இப்படித்தான் தன் இஷ்டத்துக்கு எழுதுவாரு. அப்போ எனக்கு எவ்வளவு எரிச்சலா இருக்கும்! பதினெட்டு வருஷமா அக்கா பேக்கிங்லதான் இருக்காங்க, அதனால பேக்கிங்னே போட்டேன்.

இன்னைக்குப் பட்டியல் ஒட்டினாங்க.

"எனக்கு என்னம்மா போட்டிருக்கு?"

"பேக்கிங்க்கா."

"போர்க்லிப்ட் ஓட்டப் பழகணும்னு ஆசை."

"சொல்லியிருக்கலாமேக்கா?"

"நீ கேக்கவே இல்லையே லா."

கோபமாகூடச் சொல்லல. ஆபீஸ்ல போய்க் கெஞ்சினேன். இனி அடுத்த வருஷம்தானாம். அதுக்குள்ள அக்கா ரிட்டையர் ஆயிடுவாங்க.

பாரத்துல முதல் கேள்வியே 'உங்கள் விருப்பம் என்ன?' மத்தவங்க எல்லாருக்கும் அதைத் தமிழ்ல வாசிச்சுக் காட்டினதே நான்தான்.