மஞ்சள் பூ மாத்திரை

அன்புத் தங்கச்சிக்கு,

ஃபோனில் சொன்னால் நீ என்னைப் பேச விடமாட்டாய். அதனால்தான் எழுதுகிறேன். கிள்ளானில் வாங்கி அனுப்பினாயே, மனச்சோர்வுக்கு நல்லதென்று ஒரு மஞ்சள் பூ மாத்திரை, அதை நிறுத்திவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

கிளினிக்கில் டாக்டர், வேறு மருந்து ஏதும் சாப்பிடுகிறேனா என்று கேட்டார். இல்லை என்றேன். மூலிகையைப் போய் மருந்து என்று யார் சொல்வார்? துணைக்கு வந்த விஷ்ணுப்ரியா என் கைப்பையிலிருந்து புட்டியை எடுத்து அவர் மேசையில் வைத்தாள்.

"ரத்தம் கட்டாம இருக்க ஒரு மாத்திரை சாப்பிடுறீங்கள்ல பாட்டி, அதோட வேலையை இது கெடுத்துடும்லா. பூவுன்னா சும்மாவா?"

டாக்டரே தலையாட்டினார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். என் பேத்தி மருந்தகத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்டு நிற்கிறவள். திட்டு வாங்கியும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. உன் அத்தான் போன பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

தைப்பூசத்துக்கு வராததற்குக் கால்வலி என்று சொல்லியிருந்தேன். கால் நன்றாகத்தான் இருக்கிறது.

சோர்வு லேசானதுதானாம். அதற்கென்று மாத்திரை இப்போதைக்கு வேண்டாமாம். காலையில் நடக்க வேண்டும், மனிதர்களோடு பேச வேண்டும், அடுத்த மாதம் திரும்ப வந்து காட்ட வேண்டும் என்றார்.

அதனால் இனிப் புட்டி எதுவும் அனுப்பாதே. கொமுட்டர் ரயில் ஏறி பிரிக்பீல்ட்ஸுக்கு நீயே வந்து கொஞ்ச நாள் இரு. நடப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். பேசுவதற்கு உன்னைவிட ஆள் கிடைக்குமா?

உனக்கும் சேர்த்து மெத்தையைத் தட்டிப் போட்டிருக்கும்,
அக்கா