மணிக்கட்டுப் படம்

அன்புள்ளவருக்கு,

உடம்பளவில் இங்கே யாருக்கும் குறையில்லை. பாப்பாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. பேசச் சொன்னால் பாதி காற்றுதான் வருகிறது. அத்தைக்கு முட்டிவலி தேவலை. ஆனால் என்னோடு பேசுவதில்லை. காரணத்தைப் போனில் சொல்ல முடியவில்லை. உங்கள் அண்ணன் குடும்பமும் நாமும் இருக்கும் இந்த வீட்டில், மெல்லப் பேசினால்தான் எல்லோருக்கும் கேட்கிறது.

போன வாரம் நான் எக்ஸ்ரே அறையில் வேலையாக இருந்தபோது, அண்ணனின் ஸ்கேன் சென்டருக்கு ஒருவர் ஒரு பெண்ணை அழைத்து வந்தார். சித்தப்பா என்றார். பிறப்புச் சான்றிதழ் தொலைந்துவிட்டதாம். மணிக்கட்டில் எக்ஸ்ரே எடுத்து, பதினெட்டு முடிந்தது என்று எழுதித் தர வேண்டுமாம்.

பெண்களுக்கு எக்ஸ்ரே எடுக்குமுன், கர்ப்பமா என்று தனியாகக் கேட்க வேண்டும் என்பது எங்கள் விதி. அதனால் அவரை வெளியே உட்காரச் சொன்னேன். மனமில்லாமல் எழுந்து போனார். கதவைச் சாத்தியதும் நான் கேட்பதற்கு முன்பே அவள் கேட்டாள்: "அக்கா, படத்துல உண்மையான வயசு தெரிஞ்சிடுமா? தெரிஞ்சா நல்லதுக்கா. பதினெட்டுன்னு எழுதிட்டா எனக்குக் கல்யாணம் பண்ணிடுவாங்க. நான் பத்தாவதுதான் படிக்கிறேன்."

படம் எடுத்தேன். வளரும் எலும்பின் நுனியில் ஒரு கருங்கோடு தெரியும். வளர்ச்சி முடிந்தால் மூடிக்கொள்ளும். அவளுக்கு நன்றாகத் திறந்திருந்தது. வயதைச் சொல்வது என் வேலையில்லை என்பதால் அண்ணனிடம் காட்டினேன். பார்த்ததுமே, "இன்னும் மூடலையே" என்றார். வெளியே போய் அந்த மனிதரோடு பேசிவிட்டுத் திரும்பியபோது முகம் மாறியிருந்தது.

"வேண்டியவங்க அனுப்பின ஆளும்மா, தட்ட முடியல. உன் கையை வச்சு ஒண்ணு எடுத்து அந்தப் பொண்ணு பேர்ல போட்டுடலாம். எலும்புல யார் கைன்னு எழுதியா இருக்கு?" என்றார்.

உங்களிடம் மறைக்கக் கூடாது. வளையலைக் கழற்றிவிட்டுக் கையை எக்ஸ்ரே தட்டின்மேல் வைத்தேன். விளக்கின் குறுக்குக்கோடு என் மணிக்கட்டில் விழுந்தது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அண்ணன் பொத்தானருகே நின்றார். அவர் பக்கத்தில் அந்தப் பெண். நான் என்ன செய்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது. தன்னைக் காப்பாற்றத்தான் ஏதோ செய்கிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

கையை எடுத்துவிட்டேன். "முடியாது மாமா" என்றேன். அங்கே டாக்டர் என்றுதான் கூப்பிடுவேன். அன்று வாய் தானாக மாமா என்றது.

"நீ இல்லாட்டி வேற ஆள் கை. குடும்பத்துக்குள்ளயே சட்டம் பேசுறியா?"

"குடும்பம்னுதான் முதல்ல உங்ககிட்ட சொல்றேன். அடுத்தது குழந்தைப் பாதுகாப்பு அதிகாரிக்குச் சொல்லப் போறேன்."

சொன்னபடியே செய்தேன். அதற்குள் அந்த மனிதர், "வேற இடம் பாத்துக்கறோம்" என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் வரை ஒரு தகவலும் இல்லை. அதிகாரிகள் போய்ச் சேருமுன் அவளை எங்காவது மாற்றிவிட்டால் என்ற நினைப்பு போகவே இல்லை. வந்தவர்களுக்கெல்லாம் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தேன். எனக்குத்தான் மூச்சு வரவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் அந்த அதிகாரியம்மா கூப்பிட்டார். பெண்ணை வீட்டிலிருந்து அழைத்து வந்துவிட்டார்களாம். இப்போது விடுதியில் பத்திரமாக இருக்கிறாள். கிளம்பும்போது பள்ளிக்கூடப் பையை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டாளாம். அவளுடைய படத்தை மறுநாள் முறையான உத்தரவோடு வந்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

அடுத்த மாதம் விசாரணை. என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நேற்று அண்ணன் சமையலறைக்கே வந்தார். "எல்லாம் சொல்லிக்கோ. உன் கையை வைக்கச் சொன்னதை மட்டும் விட்டுடும்மா. லைசென்ஸ் போயிடும்" என்றார். அப்பா இல்லாத வீட்டில் உங்களை ஆளாக்கியவர். அவர் கண் கலங்கி நின்றதை என்னால் பார்க்க முடியவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "சொல்லித்தான் ஆகணும் மாமா" என்றேன். வேற ஆள் கை என்று அவர் சொன்னதையும் சேர்த்துத்தான் சொல்லப் போகிறேன்.

இது கைக்குக் கிடைப்பதற்குள் அவர் உங்களிடம் பேசியிருக்கலாம். அவரோடு சண்டை போடாதீர்கள். மனம் நொந்திருக்கிறார், பேசட்டும், கேளுங்கள். என் பக்கம் நின்று வாதாட வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. என்னிடம் மட்டும் "விட்டுடு" என்று சொல்லிவிடாதீர்கள். நீங்கள் சொன்னால் நான் கேட்டுவிடுவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி