அட்டையில் அப்பாவுக்கு இரண்டாம் இடம்

என் வாலுக்குட்டிக்கு,

அம்மா எழுதுவது. நீ சுகமாக இருக்கிறாய், வேளைக்குச் சாப்பிடுகிறாய், நன்றாகத் தூங்குகிறாய் என்று நம்பிக்கொண்டுதான் எழுதுகிறேன், அப்படி இல்லையென்றால் உடனே அப்படி ஆகிவிடு. இங்கே நான் சுகம், உன் அப்பா சுகம், அப்பாவின் காதும் சுகம். போனிலேயே சொல்லலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். இனிமேல் இந்த வீட்டில் போனில் ரகசியம் பேச முடியாதடி! வியாழக்கிழமை அப்பாவுக்குக் காது மிஷின் வந்துவிட்டது, இரண்டு காதுக்கும், கையிலிருந்து காசே போடாமல், என்னுடைய அட்டையில். என்னுடைய அட்டையில் என்று இன்னொரு தடவை எழுதிக்கொள்கிறேன், எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். ரிடையர் ஆன எங்கள் இரண்டு பேருக்கும் அவரவர் துறையில் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதல்லவா, அதில் அப்பாவின் நில அளவைத் துறை அட்டையில் கண் உண்டு, பல் உண்டு, இருதயம் உண்டு, காது மட்டும் கிடையாது. அந்த ஆபீசில் யாருக்குக் காது போகப்போகிறது என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. எங்கள் அரசு அச்சகத்தில் மிஷின் போட்ட சத்தத்தில் பாதிப் பேருக்குக் காது போனதால், சங்கம் சண்டை போட்டுக் காதையும் சேர்த்து வாங்கியது, ரிடையர் ஆனவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும். கூத்தைப் பார், அந்தச் சத்தத்துக்கு நடுவில் பைண்டிங் பிரிவில் காலம் தள்ளிய எனக்குப் பக்கத்து வீட்டில் ஸ்பூன் விழுந்தால்கூடக் கேட்கிறது, ஃபேன் சத்தம் தவிர வேறு சத்தமில்லாத அறையில் உட்கார்ந்திருந்த அதிகாரிக்கு வாசல் மணி கேட்கவில்லை. ஆனால் அவரை என் அட்டையில் சேர்க்க வேண்டுமென்றால் அவர் தன் அட்டையை ஒப்படைத்துவிட வேண்டும், ஒருவருக்கு ஒரு அட்டைதான். முதன்மை உறுப்பினர் என்று என் பெயர் வரும், கீழே சார்ந்திருப்பவர், கணவர் என்று அவர் பெயர். வருஷத்துக்கு ஒரு தடவை பெயர் சேர்க்கிற மாதம் வரும்போதெல்லாம் கெஞ்சிப் பார்த்தேன். ஒரு ஆபீசையே கட்டி மேய்ச்சவன் நான், பொண்டாட்டிக்குக் கீழ பேரு எழுதச் சொல்றியா, என் காது நல்லாத்தான் இருக்கு, நீங்க எல்லாரும் முணுமுணுக்கிறீங்க என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

காது கேட்காததை மறைக்க அவர் வைத்திருந்த வித்தைதான் உனக்குத் தெரியுமே, யார் என்ன சொன்னாலும் சிரித்த முகமாக ஆமா ஆமா, ரொம்ப சந்தோஷம் என்பது. அன்றைக்கு உன்னிடமும் அதைத்தான் சொன்னார். வேலை போயிடுச்சுப்பா என்று நீ போனில் அழுதுகொண்டே சொன்னதற்கு, ரொம்ப சந்தோஷம்மா, இப்படியே இரு என்றார். பக்கத்திலிருந்து கேட்ட என் முகத்தில் ஈயாடவில்லை. நீ அப்புறம் சிரித்துவிட்டாய், வேறு வேலையும் கிடைத்துவிட்டது, நல்ல வேளை. ஆனால் நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் அந்தப் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடுகிற நேரமாகப் பார்த்து அவருக்கு மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கிற வேலை வந்துவிடும். அப்பா எங்கேம்மா என்பாய், தொட்டி என்பேன். அப்பாவும் பெண்ணும் இப்படியே பேசாமல் போய்விடுவார்களோ என்று ரொம்பப் பயந்துபோனேன்.

இந்த வருஷம் நான் வாயே திறக்கவில்லை. அவராகத்தான் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, என் அட்டையைப் புதுப்பிச்சுட்டு வரேன் என்று ஓய்வூதிய ஆபீசுக்குப் போனார். மத்தியானம் திரும்பி வந்து ஒரு ரசீதை மேஜைமேல் போட்டார். அந்தக் கவுன்ட்டர் பொண்ணு என்னமோ கேட்டா, நான் எப்பவும்போல ஆமா ஆமான்னு தலையாட்டிட்டேன், என்ன பண்ணி வச்சிருக்கான்னு பாரு என்றார். பார்த்தால் தன் அட்டையை ஒப்படைத்துவிட்டு எனக்குக் கீழே வந்து சேர்ந்திருக்கிறார்! நான் சிரித்த சிரிப்பில் மாடி வீட்டு டீச்சர் என்னவோ ஏதோ என்று இறங்கி ஓடி வந்துவிட்டார். அவரிடம் சொன்னேன், மருந்துக் கடைக்காரரிடம் சொன்னேன், என் பைண்டிங் தோழிகள் ஒருத்தியை விடாமல் போன் போட்டுச் சொன்னேன். அப்பா செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, சரி சரி, ஆனது ஆச்சு, அடுத்த வருஷம் வரைக்கும் மாத்த முடியாதாம் என்று முடித்துவிட்டார்.

மிஷின் மாட்டிய அன்று வீட்டில் ஒரே அமர்க்களம். குழாய் சொட்டுகிறது என்கிறார், ஃப்ரிட்ஜ் உறுமுகிறது என்கிறார், தன் செருப்புச் சத்தத்துக்குத் தானே திரும்பிப் பார்க்கிறார். சமையலறையில் நான் பாட்டுக்கு வழக்கம்போல அவரை முணுமுணுவென்று திட்டிக்கொண்டிருந்தேன், கூடத்திலிருந்து, நான் எப்ப ஈரத் துண்டைக் கட்டில்ல போட்டேன் என்று பதில் வருகிறது! கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன். இத்தனை வருஷ சுதந்திரம் போச்சு.

இப்போது முக்கியமான விஷயம். அந்த ரசீதைக் காட்டியே மிஷின் வாங்கியாகிவிட்டது, புது அட்டை இப்போதுதான் தயாரானது, நேற்று அதை வாங்கிவர நானே போயிருந்தேன். அந்தக் கவுன்ட்டர் பெண்ணிடமும் விடுவேனா, எங்க வீட்டுக்காரர் தலையாட்டின கதையைச் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. இல்லையேம்மா, அவர் வந்ததுமே எனக்குக் காது கேக்காது, எல்லாத்தையும் எழுதிக் காட்டுங்கன்னு சொன்னார், ரெண்டு தடவை படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட்டார், பொண்ணு வெளியூர்லேர்ந்து பேசுவா, மிஷின் சீக்கிரம் வந்துடுமான்னு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார் என்றாள். எனக்குச் சட்டென்று கண் நிறைந்துவிட்டது. யாரிடமும் ஒப்புக்கொள்ளாத மனுஷன் முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார், அதை நம்மிடம் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு தெருவே சிரிக்கும்படி விட்டிருக்கிறார். நான் காட்டிக்கொள்ளவில்லை. நீயும் காட்டிக்கொள்ளாதே, தலையாட்டி மாட்டிக்கிட்டீங்களாமே என்று நன்றாகக் கேலி செய், அவருக்கு அதுதான் சௌகரியம்.

அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது என்றாயே, காதை மூடிக்கொண்டு வெளியே போ, காலைச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. புது வேலையில் நீ நன்றாக முன்னுக்கு வர வேண்டும், நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும், அம்மாவின் ஆசீர்வாதம் எப்போதும் உனக்கு உண்டு.

மறந்துவிடாதே, முதல் இரண்டு வாரம் வீட்டுச் சத்தம் மட்டும் பழகட்டும், அப்புறம்தான் போன் என்று மிஷின் மாட்டிய பெண் சொல்லியிருக்கிறாள். அது முடிகிற ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, கத்தாமல் பேசு. அன்றைக்குச் சொன்னதையே முதலில் இன்னொரு தடவை சொல். அதான் வேறு வேலை கிடைத்துவிட்டதே, இப்போது எதற்கு என்று கேட்காதே. அதற்குச் சொல்ல வேண்டிய பதிலைத் தினமும் காலையில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அப்பா சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். போனாப் போகுது விடும்மா, அப்பா இருக்கேன் என்கிறார். எனக்குத்தான் காது நன்றாகக் கேட்குமே.

இப்படிக்கு,
உன் அம்மா,
முதன்மை உறுப்பினர்